ஆறாவது முகம்

அத்தியாயம் ஒன்பது

பல் டாக்டர் போட்ட ஊசியில் மேடத்தின் இடது பக்கத் தாடை மொத்தமும் மரத்துப்போயிருந்தது. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். யாரோ ஒருத்தியின் கன்னத்தைக் கிள்ளுவது போலிருந்தது. காப்பி குடித்தால் பாதி வாய்க்குள் போனது, மீதி கைக்குட்டையில் இறங்கியது. 'போட்டோ' என்று சொல்ல வாயெடுத்தால் வேறு ஏதோ ஒன்று வந்து விழுந்தது. ஆகவே அன்று காலை பேசுகிற பொறுப்பு முழுவதும் உதவியாளன் ரேடியோவிடம் போய்ச் சேர்ந்தது. அவனுக்குக் கேட்கவா வேண்டும்?

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பல வருஷம் வாஷிங் மெஷின் விற்றவன். வாசலில் நிற்கவிட்டால் போதும், வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களே கடைசியில் மெஷின் வைக்க இடம் ஒதுக்கித் தருவார்கள். மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சாவுகளையும் பொய் தீவிபத்துகளையும் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி ஆயுசைக் கரைத்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். மெஷினோடு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மெஷின் எப்போதோ பழுதாகிவிட்டது, இவன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

மேஜைமேல் நாலு போட்டோக்கள் கிடந்தன. கொண்டுவந்து கொடுத்தது ஒரு தாய். அவளுடைய மகன் சிறையில் இருக்கிறான். அப்பாவை மாடி பால்கனியிலிருந்து தள்ளிக் கொன்றதாக வழக்கு. நாளை மறுநாள் தீர்ப்பு. ‘என் பையன் தள்ளியிருக்கமாட்டான் மேடம்’ என்பதைத் தவிர அந்தத் தாய்க்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அழவும் இல்லை. அழுது தீர்த்துவிட்டு, இப்போது கரண்ட் போன வீடு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். அப்பா உதிரி பாகக் கடை வைத்திருந்தவர். வீட்டுக்குப் புது வர்ணம் அடித்ததும், வீடும் குடும்பமும் சேர்ந்தாற்போல ஒரு படம் வேண்டுமென்று போட்டோக்காரரை வரவழைத்தார். வாசல் படிகளில் பேத்தி, தாய், மகள், மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு படியாக நின்றார்கள். அப்பா மாடியில் இருந்தார். இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தார். அது காதில் விழாத போட்டோக்காரர் தெருவில் நின்றபடி பட்டனை அழுத்தினார். அழுத்திய கையோடு, நின்றவர்களுக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். எல்லாருமே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பால்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. போட்டோக்காரரோ கேமராவின் சின்னத் திரையில் முன்வரிசை முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அன்று காலையில்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. கடையில் உட்காரமாட்டேன் என்று மகன் கத்தியது தெருவுக்கே கேட்டது. அப்பா விழுந்தபோது நான் மாடியிலேயே இல்லை, கொல்லைப்புறத்தில் இருந்தேன் என்றான். ஆனால் போலீஸ் வாங்கி வைத்திருந்த படத்தில், முன்னால் நிற்பவர்கள் தெளிவாகவும் பின்னால் பால்கனி கலங்கலாகவும் இருக்க, அந்தக் கலங்கலில் இரண்டு கறைகள். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். அப்பா போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, மகன் நீலச் சட்டை. இருந்தவன் ஏன் இல்லை என்றான்? அந்தக் கேள்விக்கு அவன் வக்கீலிடமே பதில் இல்லை.

மேடம் நாலு படங்களையும் வரிசையாக வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். ரேடியோ குனிந்து பார்த்தான். ஒரே படத்தின் நாலு பிரதிகள்தானே என்றான். மேடம் தலையை ஆட்டிவிட்டு பூதக்கண்ணாடியை நீட்டினார். மறுபடி பார்த்தவன் படங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

ஒன்றில் பேத்தியின் முகம் மட்டும் துல்லியம், மற்றவர்கள் லேசாக மங்கல். அடுத்ததில் தாய் துல்லியம், பேத்தி மங்கல். மூன்றாவதில் மகள். நாலாவதில் மாப்பிள்ளை. தனித்தனியாக எடுத்த நாலு படங்கள் என்று சொல்லவும் வழியில்லை. நாலிலும் பேத்தி பாதித் தும்மலில் இருந்தாள், மூக்கு ஒரே மாதிரி சுருங்கியிருந்தது.

"ஒரு தும்மலை நாலு தடவை எடுக்க முடியாது மேடம்," என்றான் ரேடியோ. "கிளிக் ஒண்ணு, பார்வை நாலு. இந்த வித்தை தெரிஞ்சிருந்தா நான் கல்யாண ஆல்பத்துல கொஞ்சம் நல்லா வந்திருப்பேன்."

மேடம் பைக்குள் படங்களைத் திணித்துக்கொண்டு எழுந்தார்.

போட்டோக்காரரின் ஸ்டூடியோ ஒரு சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. அவர் குண்டான, சாதுவான மனிதர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் அவர் எழுந்து நின்றுதான் இடம் கொடுக்க வேண்டும் என்ற நிலைமை. மேடம் ஒரு பக்க வாயால் கேட்டது அவருக்குப் புரியவில்லை. ரேடியோ எடுத்துச் சொன்னான். சொல்லும்போதே, எங்க மேடத்துக்கு இன்னைக்குப் பாதி வாய்க்கு லீவு, அதையும் சேர்த்து நான்தான் வேலை பார்க்கிறேன் என்று ஒரு பிட்டையும் போட்டான்.

தொழிலைப் பற்றிக் கேட்டதும் போட்டோக்காரருக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேமராவில் ஒரு தடவை அழுத்தினால் போதும், கண் இமைக்கிற நேரத்துக்குள் பக்கத்திலிருந்து தூரம் வரைக்கும் எல்லாத் தொலைவையும் அதுவே எடுத்துக்கொள்ளும் என்றார். அப்புறம் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்த இடம் தெளிவாகும், மற்றது மங்கும். முதலில் எடுத்துக்கொள்ளலாம், எதைப் பார்ப்பது என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். குரூப் போட்டோ எடுத்தால் ஜனங்கள் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதே கிடையாது, தன் முகம் எங்கே என்றுதான் தேடுவார்கள், பெரிய மாமா தெளிவாக விழுந்து சின்ன மாமா மங்கிவிட்டால் குடும்பமே இரண்டாகிவிடும். அதற்காகத்தான் அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார், ஆளுக்கொரு படம். மெஷினே படத்தில் இருக்கிற முகங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முகத்தையும் தெளிவாக்கி, முகத்துக்கு ஒன்று என்று பிரிண்ட் போட்டுத் தள்ளிவிடும். இவர் கவரில் போட்டு ஒட்டிக் கொடுப்பதோடு சரி.

"முகத்துக்கு ஒண்ணு," என்றார் மேடம். இந்தத் தடவை வார்த்தை கொஞ்சம் ஒழுங்காக வந்தது. "அந்த வீட்டுக்கு எத்தனை வந்துது?"

போட்டோக்காரரின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார்.

"ஆறு," என்றார்.

வாசலில் நின்றது நாலு பேர்தான், அதனால் நன்றாக நினைவிருக்கிறது என்றார். மெஷின் சில சமயம் சுவரில் ஒட்டிய சோப்பு விளம்பரத்து முகத்தையெல்லாம் குடும்பத்தில் சேர்த்துவிடும், ஒரு வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் அன்றைக்கு அது விளம்பரமில்லை என்று தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. கடைசி இரண்டு பிரிண்டையும் கவிழ்த்தபடியே எடுத்துக் கவரில் போட்டாராம்.

"ஒரு மனுஷன் என் படத்துல விழுந்து செத்திருக்காரு மேடம். நான் அப்ப 'சிரிங்க'ன்னு சொல்லிட்டிருக்கேன். எப்படிப் பாக்கறது?"

மூலப் படம் கம்ப்யூட்டரில் இருக்குமே என்றான் ரேடியோ. இல்லை. ஒவ்வொன்றும் யானைக் கனம், டிஸ்க் தாங்காது, கவர் கைமாறினதும் அழித்துவிடுவதுதான் வழக்கம் என்றார் அவர். இதை அழித்தபோது மட்டும் ஒரு நிம்மதியே வந்ததாம். போலீஸ்? சம்பவத்தன்று சாயங்காலமே வந்து ஒரு படம் கேட்டார்கள், மேலாக இருந்ததற்கு இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தார், அதன் பிறகு அவர்கள் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

கவர்களை வாங்கிக்கொண்டு போனது யார் என்று மேடம் கேட்டார்.

"அந்த வீட்டுப் பொண்ணு. மூத்தவங்க," என்றார் போட்டோக்காரர். "இங்கயே நின்னு எல்லாக் கவரையும் பிரிச்சுப் பாத்தாங்க. கம்ப்யூட்டர்ல ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். போயிட்டாங்க."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ சைக்கிள் கடை வாசலில் நின்றுவிட்டான். வந்தது ஆறு, மகள் அம்மாவிடம் கொடுத்தது நாலு. தம்பியைக் காப்பாற்றுகிற படமாக இருந்தால் ஓடிப்போய் வக்கீல் கையில் கொடுத்திருப்பாள். ஒளித்து வைத்தாள் என்றால் அதில் என்ன இருக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதைதான்.

"தம்பிதான் மேடம். முடிஞ்சுது," என்றான். "அந்த அம்மாகிட்ட இதை யார் சொல்றது? நான் மாட்டேன். எனக்கு விக்கத்தான் தெரியும்."

மேடத்துக்கு ஊசியின் வேகம் குறைந்து தாடையில் வலி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வேறெதுவும் தோன்றவில்லை. இன்சூரன்ஸ் நாட்களிலும் அப்படித்தான். ஒரு பொய் பிடிபட்டதும் மனசு கல்லாகிவிடும், வருத்தமும் வராது, வெற்றி பெற்ற சந்தோஷமும் வராது. மகனைக் காப்பாற்றுங்கள் என்று வந்தவளுக்கு மகன் கழுத்துக் கயிற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தார். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். தாய் சிறைக்குப் போயிருந்தாள், அன்று மனுப் பார்க்கிற நாள், மனுப் போட்டுக் கைதிகளைச் சந்திக்கிற நாள். ஒவ்வொரு தடவையும் மகள் பெயரையும் சேர்த்துச் சொல்லி அனுமதி வாங்கி வைப்பாள். மகள் ஒரு தடவைகூடப் போனதில்லை. இதை அவளே சொன்னாள், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, கடைக்குப் போகவில்லை என்று சொல்கிற குரலில்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. இன்னும் இரண்டு படம் வேண்டும் என்றார்.

மகள் கையிலிருந்த குழந்தைச் சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததையும் மடித்தாள். பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, போர்வைகளுக்கு அடியிலிருந்து இரண்டு கவர்களை எடுத்துவந்து மேடத்தின் பக்கத்தில் வைத்தாள். யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்று இருந்ததாகவும், கேட்டால் பொய் சொல்லத் தெரியாது என்றும் சொன்னாள்.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே," என்றான் ரேடியோ, மெதுவாக.

"கை வரல. அதுல அப்பா உயிரோட இருக்காரு."

அப்பா போய்விட்டார், இவனும் போய்விட்டால் அம்மா என்ன ஆவாள், அதனால்தான் மறைத்தேன் என்றாள். அன்றிலிருந்து தனக்கு அழுகையே வரவில்லை, பசிக்கிறது, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், என்ன ஜென்மமோ என்றாள். தம்பியைப் பார்க்கப் போகாததற்கும் காரணம் சொன்னாள்.

"அவன் கையைப் பாக்க முடியாது மேடம். நான்தான் பிடிச்சு எழுதக் கத்துக்குடுத்த கை."

மேடம் முதல் கவரைப் பிரித்தார். முன்வரிசை மங்கியிருக்க, பால்கனி துல்லியமாக இருந்தது. அப்பா இரும்புக் கம்பித் தடுப்புக்கு மேல் இடுப்பு வரை வெளியே வந்திருந்தார். ஒரு கை கேமராவைப் பார்த்து நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. இருப்பா, என்னையும் சேர்த்து எடு என்று சொல்கிற மனிதரின் முகம். பின்னால் நிற்பவனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது கவர். ஆறாவது முகம். மகன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு கையும் அப்பாவின் இடுப்பில். ரேடியோ பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடி கீழே இறங்கித் தடுப்புக் கம்பிகளின் அடிப்பக்கம் வந்து நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

"மாடிப்படி உச்சியில கம்பிக் கதவு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. மேடம் ரேடியோவைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கதவுக்கு உள்பக்கம் நிறுத்தினார். மகளை வெளியே அழைத்துவந்து நாலைந்து படி கீழே நிறுத்தினார். கதவு பாதி உயரம்தான். மடித்த துணிகளையெல்லாம் ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டி, கதவுக்கு மேல் தொங்கவிட்டார். முதலில் தள்ளு என்றார். ரேடியோ தள்ளினான். மூட்டை படியில் விழுந்தது. அவனுடைய கால்களை மட்டும் பாருங்கள் என்று மகளிடம் சொன்னார். கம்பிகளுக்கு நடுவே விரல்கள் தரையில் ஊன்றியிருந்தன, குதிகால் தூக்கியிருந்தது.

மறுபடி மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு முனையைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் மேடம். இப்போது இழு என்றார். நான் விடமாட்டேன், உன்னால் முடிந்தவரைக்கும் இழு.

எத்தனை மாடியில் எத்தனை மெஷின் ஏற்றி இறக்கினவன் ரேடியோ. உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு காலைத் தூக்கிக் கம்பியில் உதைத்தான். போதவில்லை. இன்னொரு காலையும் உதைத்துப் பின்னால் தொங்கினான். பல்லைக் கடித்தான். அவன் கழுத்து நரம்பும் புடைத்தது.

கம்பிகளுக்கு நடுவே அவனுடைய இரண்டு உள்ளங்கால்களும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மேடம் ஆறாவது படத்தை அவள் கையில் கொடுத்து, பூதக்கண்ணாடியைத் தடுப்பின் அடிப்பக்கம் பிடித்தார். நீலச் சட்டைக்குக் கீழே, கம்பிகளுக்கு இடையில், வெளிறின இரண்டு நீள்வட்டங்கள். ஐந்தைந்து விரல்கள்.

"தள்றவன் உள்ளங்காலைக் காட்டமாட்டான்மா," என்றார் மேடம். "உங்க தம்பி அப்பாவை இழுத்துட்டிருக்கான்."

ரேடியோ மூட்டையை விட்டான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். மகள் படியில் உட்கார்ந்தாள். அப்படியானால் ஏன் இல்லை என்று சொன்னான் என்று கேட்டாள். பிடித்தும் நழுவிவிட்டது என்று சொல்வதைவிட, நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்றார் மேடம். அதைச் சொல்லும்போது தாடை விண்விண் என்று தெறித்தது, நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது.

"அவனைக் காப்பாத்தற படத்தைப் போர்வைக்கு அடியில வச்சு, அது மேல தினமும் கையை வச்சுப் பாத்துட்டிருந்திருக்கேன்," என்றாள் மகள். அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மனுப் பார்க்கிற நேரம் முடிந்திருக்குமா?

முடியவில்லை. வழியிலேயே ரேடியோ வக்கீலைப் போனில் பிடித்தான். கோர்ட்டில் புது மனு போட வேண்டும், படம் உடனே கைக்கு வர வேண்டும், சாயங்காலம் வருகிறேன் என்றார் அவர். போட்டோக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுவதையும் பேசி முடித்தான். இவ்வளவையும் ஒரு சிரிப்புகூட இல்லாமல் பேசினான். மேடம் இரண்டு தடவை திரும்பி அவனைப் பார்த்தார்.

சிறையின் பார்வையாளர் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாய், மகள் உள்ளே நுழைவதைப் பார்த்து எழுந்து நின்றாள். மகளுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றிருந்தான். இளைத்திருந்தான். அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். அவள் எதற்காக இத்தனை நாள் வரவில்லை என்பதற்கு அவன் தனக்குள் ஒரு காரணம் வைத்திருந்தான். அது தப்பான காரணம் என்பது அவனுக்குத் தெரியாது.

"விட்டுட்டேன்க்கா," என்றான். இதுவரைக்கும் வக்கீலிடமும் சொல்லாததை அவளிடம் முதல் வார்த்தையாகச் சொன்னான். "பிடிச்சேன். விட்டுட்டேன்."

அவள் ஆறாவது படத்தை வலையில் வைத்து அழுத்தினாள்.

"நீ விடலடா. பாரு. பிடிச்சிட்டிருக்க."

அவன் பார்த்தான். தன் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். வெகுநேரம் அப்பாவையே பார்த்தான்.

"இதுக்கு அடுத்த படத்துல?" என்றான்.

"அடுத்தது இல்லடா," என்றாள் அக்கா. "அந்த மனுஷன் ஒரு தடவைதான் அழுத்தினாரு. இது ஒண்ணுதான் இருக்கு."

தம்பி வலைக்குள் இரண்டு விரலை நுழைத்துப் படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றார். மேடம் அருகில் போய், அது வக்கீலுக்குப் போக வேண்டிய படம் என்று எடுத்துச் சொன்னார். தாயும் கொடுத்துவிடப்பா என்றாள். காவலர் இன்னொரு தடவை சொன்னார்.

அவன் விடவில்லை.